நாற்பது பிடி அரிசி

மாடில்டா அழுத அழுகையைப் பார்த்து, தோட்டத்துக் கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மகள் ரோசரி போவது மூன்றே நாளுக்கு. கோலசிலாங்கூர் மாதா கோயில் வளாகத்தில் கன்னியாஸ்திரிகள் பெண் பிள்ளைகளுக்காக நடத்தும் விடுமுறை முகாம் அது. இதற்குப் போய் யாராவது இப்படி மூக்கைச் சிந்துவார்களா?

“என்னா மாடில்டா, மவளக் கப்பல்லயா ஏத்தி வுடுற? மூணு ராத்திரிதான் லா!” பக்கத்து வீட்டுக் காளியம்மா அவள் தோளில் இடித்தாள். “எம்மவ கங்காவப் பாரு. தலையணை கூட இல்ல. கைய மடிச்சு வெச்சுப் படுத்துக்குறேன்னு கெளம்பிட்டா.”

மாடில்டா சிரிக்க முயன்றாள், முடியவில்லை. பிரிவாவது ஒன்றாவது! அவள் அழுதது பயத்தில். ரோசரியின் மூட்டையில் கட்டியிருந்த தலையணைக்குள் நாற்பது பிடி அரிசி இருந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த நேரம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கீட்டு அரிசி. ஒரு மணி அரிசி கேட்டைத் தாண்டினாலும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் நேர்த்திக்கடன் ஆயிற்றே! போன வருஷம் ரோசரி விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, தவக்காலம் நாற்பது நாளும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து மாதா காலடியில் கொட்டுவதாக மாடில்டா நேர்ந்திருந்தாள். “இந்தக் காலத்தில் பிடி அரிசி வேண்டாம், செபம் போதும்” என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லுவார், பிள்ளையைத் தந்தது மாதா அல்லவா? தன் சோற்றைக் குறைத்துச் சேர்த்தாள்.

கேட்டில் பெரியவர்களைத்தான் உரித்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூட்டையைத் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பெற்றவர்களும் வரலாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தானே போய்த் தலையணையைப் பிரித்துக் கொட்டிவிடலாம் என்பது அவள் திட்டம். மகளிடம் மூச்சுகூட விடவில்லை. தெரியாத பிள்ளை பயப்படாது.

“தலையணை ஏம்மா இவ்ளோ கனமா இருக்கு?” என்று காலையில் ரோசரி கேட்டபோதுகூட, “புதுப் பஞ்சுடி, அப்படித்தான் இருக்கும்” என்று சமாளித்துவிட்டாள்.

முகாமுக்கு ஏற்றிப்போக வந்த லோரிக்குப் பின்னால் ரோசரியும் கங்காவும் குந்தி உட்கார்ந்து, மூட்டைகளை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் கும்மாளமடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாடில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னும் ஐந்தே நிமிஷம்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த போலீஸ் சார்ஜன் இறங்கினார். பிள்ளைகள் மூட்டையையும் சோதிக்க வேண்டுமாம். நேரமில்லை, இரண்டு மூன்றைக் குத்திப் பார்த்தால் போதுமாம். பெண்களைச் சோதிக்கத் தோட்டத்தில் வேலைக்கு வைத்திருந்த நவமணி, குத்தூசியோடு லோரியில் ஏறினாள்.

முதலில் பியாட்ரிஸ் என்ற பெண்ணின் மூட்டை. ஒன்றும் இல்லை. அடுத்து அவள் கை ரோசரியின் மூட்டை மேல் விழுந்தது.

மாடில்டா ஓரடி முன்னால் வைத்தாள். ஓடிப்போய்த் தடுக்க முடியுமா? உண்மையைச் சொல்ல முடியுமா? பாவி, நாக்கில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“நவமணிக்கா! எம்மவ மூட்டைய ஏன் தொடுற? அந்தக் கங்கா மூட்டையப் பாரு! அவ சித்தப்பன் வீரன்தான காட்டுக்குள்ள ஓடிப்போனவன்?”

காளியம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

“மாடில்டா... நீயா?”

மாடில்டா தலையைக் குனிந்துகொண்டாள். கங்காவின் மூட்டையில் என்ன இருக்கப்போகிறது, இரண்டு கவுனும் ஒரு மங்குத் தட்டும்தானே? குத்திப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, லோரி போய்விடும். அப்புறம் காளியம்மா காலில் விழுந்துகொள்ளலாம். ஏசினால் ஏசட்டும், துப்பினால் துப்பட்டும்.

வீரன் பெயரைக் கேட்டதும் சார்ஜனின் முகம் மாறிவிட்டது. கங்காவின் மூட்டையைக் காட்டினார். நவமணி குத்தூசியைச் சொருகி உருவினாள்.

பொலபொலவென்று அரிசி கொட்டியது.

“ஐயா! அது எங்க வூட்டு அரிசி இல்லீங்கய்யா!” காளியம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். “பச்சப் புள்ளைங்க, அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா!” யார் கேட்டார்கள்? சார்ஜன் கங்காவை லோரியிலிருந்து இறக்கி ஜீப்பருகே நிறுத்தினார். அந்தப் பெண் ரோசரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடில்டாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அடி ஆத்தி, வாய்க்கு வந்ததை உளறினால் அதுவே நிஜமாகிவிட்டதே! அப்படியானால் காளியம்மா வீட்டில் இத்தனை நாளும் இதுதான் நடந்ததா? மாதாதான் என் வாயில் புகுந்து பேசியிருக்கிறாள், என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள் என்று கைகூப்பினாள்.

லோரியிலிருந்து குதித்து ஓடிவந்த ரோசரி, அம்மாவின் கழுத்தை வளைத்து, காதோடு காதாக விம்மினாள்.

“அவளுக்குத் தலையணை இல்லன்னு என்னோடத நாந்தாம்மா குடுத்தேன்.”