முள்ளெலி செய்த கருவி

ஒரு சொட்டு ரத்தத்தில் மரபணுவைப் படித்து, எந்தக் கிருமி என்று சொல்லிவிடும் கருவியை, காட்டரசின் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து முடித்தது முள்ளெலி.

"இது எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும்" என்று சொல்லி, அதிகாரி யானை அதன் உரிமத்தை நரியின் கம்பெனிக்குக் கொடுத்தது.

அந்த மழைக்காலத்தில் முள்ளெலியின் மகளுக்கு என்னவென்றே தெரியாத காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடியது.

"கருவி பழுதாகிவிட்டதம்மா. சரிசெய்யத் தெரிந்த ஆள் இங்கே இல்லை" என்றது நரி.

"அதைச் செய்ததே நான்தானய்யா! இப்போதே சரிசெய்து தருகிறேன்."

நரி எழுந்து நின்று கும்பிட்டது. "நீங்களா! எங்கள் பாக்கியம். ஆனால் உரிமம் இல்லாதவர் தொட்டால் சட்டப்படி குற்றமாயிற்றே!"

முள்ளெலி அழுதுகொண்டே யானையிடம் போய் நடந்ததைச் சொன்னது. பிள்ளை அனத்திக்கொண்டிருந்தது.

யானைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தாயா, உன் கருவியை எவ்வளவு பத்திரமான கையில் கொடுத்திருக்கிறோம்!"