உழக்கினால்தான் பாட்டு

விளக்குகள் அணையும் முன்பே அவள் சப்பாத்துகளைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இன்றைக்கு ஆடுவது என்று முடிவு.

பக்கத்தில் வதனா. அதற்கப்பால் கிறேஸ், அதற்கும் அப்பால் சுகி. நாலு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. இப்போது ரொறன்ரோவில் ஆளுக்கொரு மூலை. நாலு பேருக்கும் தலைச்சாயம் வாங்கும் வயதுதான். ஆனால் சற்று முன் மண்டப வாசலில் அவர்கள் போட்ட கூத்தைப் பார்த்தவர்கள், வீட்டுக்குச் சொல்லாமல் வந்த பள்ளிக்கூடப் பெட்டைகள் என்றே நினைத்திருப்பார்கள்.

மேடைக்கு றெஜி வந்தார்.

பொப் பாட்டுக்கார றெஜி. எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சப்பாத்து, மினுங்கும் கோட். தலைமுடி அவருடையதுதானா என்று சுகிக்கு மட்டும் சந்தேகம்.

அவர் ஒரு கையைத் தூக்கினார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

சனம் மறுபடி நாற்காலிகளில் அமர்ந்தது. இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதற்குக் கித்தார் தொடங்கியதுமே வதனா அவள் தொடையில் ஓங்கி அடித்தாள்.

தொப்பிக்காரன் பாட்டு.

பள்ளிக்கூடக் காலத்தில் அவர்களிடம் இருந்த ஒரே கசெற்றில் அந்த ஒரு பாட்டுத்தான். மற்றப் பக்கத்தில் ஏதோ பிரசங்கம்.

யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காக மின்சாரம் இல்லாத காலம். பற்றரியும் கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஏறி இருந்து உழக்கினால் சில்லு சுழலும். சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து ஒரு வயர். வயரின் மறுமுனையில் கிறேஸ் வீட்டு ரேப் ரெக்கோடர்.

வேகமாக உழக்கினால் றெஜி அணில் மாதிரிக் கீச்சிடுவார். கால் சோர்ந்தால் அவருக்கும் வயதாகிவிடும், குரல் இழுபட்டுக்கொண்டே போய்ப் படுத்துவிடும்.

சைக்கிள் அவளுடையது. ஆகவே உழக்குகிற வேலையும் அவளுடையது.

மற்ற மூவரும் ஆடுவார்கள். என்ன ஆட்டம். இடுப்பை ஒடித்து, பாவாடையைச் சுழற்றி, சிரித்துச் சிரித்து மூச்சு முட்டும்வரை. அவள் சீற்றில் இருந்தபடி பார்ப்பாள். தானும் இறங்கி ஆடினால் பாட்டு நின்றுவிடும்.

அடுத்த முறை மாறி உழக்குவோம் என்று மூவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். ஒருத்தியாவது செய்தாளா என்றால் இல்லை.

அவளுக்கு அது கோபம். அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். கலியாணம் கட்டியும் மறக்கவில்லை, கனடாவுக்கு வந்தும் மறக்கவில்லை.

றெஜி பாடத் தொடங்கினார்.

*தொப்பிக்காரா, தொப்பிக்காரா, காற்றடிக்குது பார்.*

மூவரும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளும் எழுந்தாள். வெறுங்காலைத் தரையில் வைத்ததும் மேளத்தின் அதிர்வு குதிக்கால் வழியாக மேலே ஏறியது. உடம்பெல்லாம் சந்தோஷம். ஒரு கையை உயர்த்தினாள். தோளை ஒருதரம் குலுக்கினாள்.

இரண்டாவது சரணம் வந்தது.

றெஜிக்கு மூச்சு எட்டவில்லை.

ஒரு சொல் பிந்தியது. அடுத்த சொல் அதைவிடப் பிந்தியது. கித்தார் அவருக்காகக் காத்து நின்றது. மேளமும் தளர்ந்தது. குரல் இழுபட்டது, கனத்தது, கீழே இறங்கிக்கொண்டே போனது.

ஆடிக்கொண்டிருந்த மூவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

வதனாதான் வாயைத் திறந்தாள்.

"உழக்கடி."

அவள் நாற்காலியில் இருந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. வாய் வதனாவைத் திட்டி நாறக் கிழித்துக்கொண்டிருக்க, கால்கள் தம்பாட்டில் தொடங்கிவிட்டன. இடது, வலது. இடது, வலது. பலகைத் தரையில் பாதங்கள் தொம் தொம் என்று விழுந்தன.

கிறேஸ் அந்த வேகத்துக்குக் கை தட்டினாள். சுகி நாற்காலி முதுகில் தட்டினாள். பின்வரிசையில் ஒரு வழுக்கைத் தலையர் எட்டி அவளுடைய கால்களைப் பார்த்தார். அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. அவரும் அந்தக் காலத்தில் எங்கேயோ ஒரு சைக்கிளில் இருந்து உழக்கினவராக்கும். மடமடவென்று சப்பாத்தோடேயே உழக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பிறகு ஒரு வரிசை.

பிறகு மண்டபத்தின் இடது பக்கம் முழுவதும் இரைந்தது.

மேளக்காரப் பெடியன் தலையை நிமிர்த்தினான். வேகம் பிடிபட்டதும் சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தான். றெஜி காதருகே கையை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார்.

*தொப்பிக்காரா, தொப்பிக்காரா.*

அவர் பாட வேண்டியிருக்கவில்லை. மண்டபம் பாடியது, அணில் வேகத்தில்.

அவள் ஒரு காலை நிறுத்திப் பார்த்தாள்.

பாட்டு ஓடியது.

மற்றக் காலையும் நிறுத்தினாள்.

ஓடியது.

வந்தது அழுகையா சிரிப்பா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. எழுந்தாள். ஆட்டத்தில் நெளிந்துகொண்டிருந்த வதனாவைத் தோளில் பிடித்து, தன் நாற்காலியில் இருத்தினாள். கைப்பையை அவள் மடியில் வைத்தாள்.

வதனா நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே இருந்த அகலமான பாதைக்குப் போய், இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

வதனா குனிந்தாள். சப்பாத்துகளைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

உழக்கத் தொடங்கினாள்.