இடது ஓரம்

பல்கலைக்கழக எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் திரையின் சாம்பல் வெளிச்சம் கருவிக்காரரின் மூக்குக்கண்ணாடியில் படிந்திருக்கிறது. கருவி இல்லாத தூரத்துக் கல்லூரிகளும் இதே திரையைப் பார்க்கிற கூட்டு ஏற்பாட்டில், இத்தனை வருடமும் முகம் தெரியாத ஓர் ஆசிரியை அக்கா ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல இவர் கை கருவியை நகர்த்தியிருக்கிறது. அந்த அக்கா போன மாதம் தவறிவிட்டார். படுக்கையில் விழுமுன் அவர் பிளேடால் வெட்டி அனுப்பிய இலைத்துணுக்கு இப்போது கருவிக்குள் இருக்கிறது; ஒலிபெருக்கியில் அவருடைய மாணவி. பழகிய கை தானாக இடது ஓரத்துக்குப் போகிறது. "நடுவுலதானே சார் பாக்கணும்?" "வெட்டு சுத்தமா இருக்கான்னு ஓரத்தப் பாத்துட்டுத்தாம்மா அக்கா உள்ள போவாங்க." எப்போதும் கோடு கிழித்தாற்போல் வரும் அக்காவின் வெட்டு, இன்று நெளிந்து நெளிந்து போகிறது. கருவியின் வெற்றிடப் பம்பு முனகுகிறது. கருவிக்காரரின் விரல் நடுப்பக்கம் நகர்த்தப் போகிறது. "கொஞ்ச நேரம் அங்கயே நிறுத்துங்க சார்."