ஐந்தாவது ரக்அத்

இந்த விடுதியில் எல்லா அறைகளின் கூரையிலும் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் பச்சை அம்பு ஒட்டியிருக்கிறது. இந்த அறையில் அது ஜன்னல் பக்கமாக, எதிரிலிருக்கும் ஆஸ்பத்திரியை நோக்கிக் கிடக்கிறது. கதவருகே நிற்கும் மேனேஜர், மனைவியோடு பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் கணவனிடம், "இன்னும் ஒரு வாரத்துக்கு ரூம் போட்டுடட்டுமா பாய்?" என்று கேட்கிறார். "வேணாம். அசர் தொழுதுட்டுக் கிளம்புறோம். பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க." மேனேஜரின் முகம் மலர்கிறது. "அல்ஹம்துலில்லாஹ். நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல." டாக்டர் கைவிரித்துவிட்டதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. கட்டிவைத்த பைகளுக்கு நடுவே முன்னால் கணவனும் பின்னால் மனைவியும் தொழுகிறார்கள். ஒரு பையின் வாயில், வீடு திரும்பும் நாளுக்கென்று மகனுக்கு வாங்கிய புதுச் செருப்பு விலைச்சீட்டோடு துருத்திக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சாய்ந்த வெயில் விழுகிறது. மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றுகிறது. நின்று, குனிந்து, சிரம் பணியும் ஒரு சுற்று ஒரு ரக்அத்; அசர் என்ற இந்த மாலைத் தொழுகை நான்காவது ரக்அத்தோடு முடிய வேண்டும். அவன் உட்காராமல் ஐந்தாவதற்கு எழுந்துவிடுகிறான். முன்நிற்பவர் தவறினால் பின்னால் தொழும் பெண் புறங்கையைத் தட்டி உணர்த்த வேண்டும். அவள் தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டால் சாலையைக் கடந்துபோய் மகனைத் தூக்கிவர வேண்டும். தூக்கிய கையைச் சத்தமில்லாமல் நெஞ்சில் கட்டிக்கொண்டு அவளும் எழுந்து நிற்கிறாள்.