மாமியார் கொட்டிய ஜவ்வரிசி

மாமியார் பாத்திரத்தைத் தூக்கி அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டாள்.

கண்ணாடி மணிகளாக வெந்திருந்த ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலும் மாம்பழத் துண்டுகளும் வழுக்கிக்கொண்டு போய் ஓட்டையை அடைத்தன. அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"கட்டி தட்டிப் போச்சு மாப்பிள்ளை. இதைப் போய் குழந்தைக்குக் குடுப்பாங்களா?"

கட்டி தட்டவில்லை. அடுப்பை விட்டு நகராமல் கிண்டியவனுக்குத் தெரியாதா?

சத்தம் கேட்டு மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். "நல்லாத்தானேம்மா இருந்துச்சு. இப்பத்தான் பார்த்துட்டுப் போனேன்."

"பார்வைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

சாப்பாட்டு மேசையில் கரண்டியோடு காத்திருந்த மகள் அழ ஆரம்பித்தாள்.

குழந்தைக்கு மாட்டுப்பால் ஆகாது. துளி உள்ளே போனால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். முன்பு ஒரு தடவை அவன் விசாரிக்காமல் வாங்கிக் கொடுத்த பன், ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு அவன் கையால் மகளுக்கு ஒரு வாய் ஊட்ட மனைவி விட்டதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. அவன் தட்டை எடுத்தால், "குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான்.

இன்றைக்குத்தான், "சரி, நீங்களே ஏதாவது செஞ்சு குடுங்க" என்றிருந்தாள்.

அதைத்தான் மாமியார் கொட்டினாள்.

"உனக்கு அவரைக் கண்டா ஆகாது. கல்யாணத்தன்னிக்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னவதானே நீ."

"ஆமாண்டி, நின்னேன். நிறைய பேர் அப்படித்தான் நின்னாங்க. போட்டோவுல என் மூஞ்சிதான் தெளிவா விழுந்துச்சு."

சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றி மறுபடி தேய்த்தாள். கரண்டி, கிண்ணம், அவன் ருசி பார்த்த ஸ்பூன் ஒன்றையும் விடவில்லை. விஷம் காய்ச்சிய பாத்திரத்தைக்கூட யாரும் இப்படித் தேய்க்கமாட்டார்கள்.

"நீங்களும் கையைக் கழுவுங்க மாப்பிள்ளை. சோப்புப் போட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினான்.

"ஊற வெச்ச ஜவ்வரிசி மிச்சம் இருக்கில்ல? உலையை வைங்க. நான் தேங்காய் துருவித் தர்றேன்."

"எதுக்கு அத்தை? நீங்களே செஞ்சிடுங்களேன்."

"நான் செஞ்சா அது நான் செஞ்சதா ஆயிடும்."

"விலகும்மா, நான் செய்றேன்" என்று மனைவி உள்ளே வந்தாள்.

"நீ வராத. மாமியாரும் மருமகனும் அடிச்சுக்கறதை வேடிக்கை பார்க்கணும்னா வாசல்ல நின்னு பாரு."

மனைவி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கடைசிவரை அங்கிருந்து நகரவில்லை.

கொதிக்கிற தண்ணீரில் அவன் ஜவ்வரிசியைப் போட்டான். நடுவில் இருந்த வெள்ளைப் பொட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசினான். மாமியார் துணியில் பிழிந்த தேங்காய்ப்பாலைப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது.

"இறக்கிட்டு ஊத்துங்க. கொதிச்சா திரிஞ்சிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

மாம்பழம் தீர்ந்துபோயிருந்தது. பப்பாளியை நறுக்கிப் போட்டான்.

மகள் கிண்ணத்தை வழித்து நக்கினாள். "இன்னொண்ணு, அப்பா."

மனைவி மகளின் உதட்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "நீங்களே குடுங்க. எத்தனை நாளைக்கு நான் பக்கத்துல நிக்கறது?"

அவன் மகளின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

"அம்மா, நீ நாளைக்கு ஊருக்குக் கிளம்பு. கொஞ்ச நாள் இங்க வராத."

"சரி" என்றாள் மாமியார். தேங்காய் நாரையும் கொட்டாங்கச்சியையும் குப்பைப் பையில் திணித்து அவனிடம் நீட்டினாள். "இதை நீங்களே கீழ போட்டுட்டு வாங்க மாப்பிள்ளை. வாயைக் கட்டலை. பார்த்துப் போங்க."

ஒரு கிண்ண ஜவ்வரிசிக்குப் பெற்றவளை விரட்டுகிறாளே என்று அவனுக்குப் பாவமாகக்கூட இல்லை. வேண்டும் இவளுக்கு என்றுதான் இருந்தது.

படி இறங்கும்போது பையின் வாயைப் பார்த்தான். நாருக்கு மேலே ஒரு பாக்கெட், வெட்டி விரித்து வைத்தாற்போல் கிடந்தது. முதல் தடவை அவன் கரைத்து ஊற்றிய தேங்காய்ப்பால் பவுடர். முன்பக்கம் பிளந்த தேங்காய்ப் படமும், 'சுத்தமான தேங்காய்ப்பால்' என்று பெரிய எழுத்தும். அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினான்.

இப்போது மேலே தெரிந்தது பின்பக்கம். பொடி எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே நகத்தால் அழுத்திக் கோடு போட்டிருந்தது.

'பால் புரதம் சேர்க்கப்பட்டது.'

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கீழே குப்பைத் தொட்டி திறந்தே கிடந்தது. போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவள் அவன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

பையை மட்டும் தொட்டியில் போட்டான்.

அவன் மேலே வந்தபோது மாமியார் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி மகளுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பாக்கெட்டை நீவி, பின்பக்கம் தெரியும்படி, மனைவியின் முன்னால் மேசையில் வைத்தான்.