ஆறாம் பெட் அசையவில்லை

“எழுதிக்கோம்மா. இந்த மிஷினெல்லாம் எங்களுக்குத் தேவையில்ல. எங்க கண்ணு போதும், கை போதும்.”

சாராள் சிஸ்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னாள். வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ்.

எதிரே அனு, பொத்தேரி காலேஜில் படிக்கிற பெண். படுக்கைப் புண்ணைத் தடுக்க வந்திருக்கும் புதுக் கருவிகளைப் பற்றி நர்சுகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்திருந்தாள்.

மாமல்லபுரம் போகிற ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன மாதம்தான் சென்சார் மேட் வந்தது. விரிப்புக்கு அடியில் போட வேண்டியது. படுத்திருப்பவர் ரொம்ப நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால், நர்ஸ் மேஜையில் இருக்கும் டேப்லெட் கத்தும்.

“அது வந்ததிலேர்ந்து பேஜாருதான். இன்னிவரைக்கும் நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. எங்க காலத்துல ரெண்டு மணிக்கொருதரம் பேஷண்டைத் திருப்பிப் போட்டுகினே இருப்போம். இப்ப வர்ற பொண்ணுங்களுக்கு ஒடம்பு வளைய மாட்டேங்குது. நானெல்லாம் டூட்டிக்கு வந்தா உக்காரவே மாட்டேன், தெரியுமா?”

அனு நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்டர் உட்கார்ந்துதான் இருந்தாள். மேஜையில் குடித்து முடித்த டீ டம்ளர்கள் வேறு. பாவம், மரியாதை தெரிந்த பெண். அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டேப்லெட் கத்தியது. ‘ஆறாம் பெட். நோயாளி அசையவில்லை.’

“பாத்தியா! அந்தப் புதுப் பொண்ணு ஜெனிட்டா பாத்துக்கிற பெட்டு!”

ஆறாம் பெட்டில் கோதண்டராமன். பக்கவாதம். தானாகப் புரண்டு படுக்க முடியாது, வலித்தால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நேற்று இடுப்பில் லேசாகச் சிவந்திருந்தது. அது புண்ணாகிவிட்டால் மனுஷன் படாத பாடு படுவார்.

சாராள் விருட்டென்று எழுந்தாள். டேப்லெட் வாயை மூடிக்கொண்டது.

“பாரு! நான் எழுந்ததும் ஓடிப்போய்த் திருப்பிட்டா, கள்ளி!”

ஜெனிட்டா கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை.

“இன்னாம்மா பண்ணிகினு கீறே? இவரைத் திருப்பினியா இல்லியா?”

“திருப்பிகினுதான் இருக்கேன் சிஸ்டர்.”

“அப்ப மிஷின் பொய் சொல்லுதா? அதுக்கு உம்மேல இன்னா பகை?”

இப்போதுதான் மிஷினே வேண்டாம் என்றவள். பின்னாலேயே வந்த அனுவின் பேனா அப்படியே நின்றது.

ஜெனிட்டா அனுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேட்ரன் கிட்ட சொல்லிடறேன். நாளையிலேர்ந்து நீ வூட்லயே இரு.”

ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாராள் கோதண்டராமனை மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். நேற்றைய சிவப்பைக் காணோம். நேரத்துக்குத் திருப்பாமல் அது போயிருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? குழப்பத்தோடு விரிப்பைத் தூக்கினாள். மேட்டையும் காணோம்.

“ஏய், மேட் எங்க?”

“காலையில விரிப்பு மாத்தறப்போ...”

“மாத்தறப்போ? முழுங்காம சொல்லு.”

“மடிச்சு உங்க சேர்ல வெச்சேன் சிஸ்டர். திரும்பி வந்து பாத்தா நீங்க அது மேல உக்காந்துட்டீங்க. ‘செங்கல்பட்டுலேர்ந்து பஸ்ல நின்னுகினே வந்தேன், இடுப்பு வுட்டுப்போச்சு, இப்பத்தான் மெத்துனு கீது’ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினீங்க. எழுப்ப மனசு வரல. கடிகாரத்தைப் பாத்து நானே திருப்பிகினு இருந்தேன்.”

சாராள் திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தாள். பரவாயில்லையே, கடைசியில் ஆஸ்பத்திரிக்காரன் நமக்கும் ஒரு திண்டு கொடுத்துட்டானே என்று காலையில் பூரித்துப்போனது ஞாபகம் வந்தது.

“அடிப்பாவி, திட்டறப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“இந்தப் பொண்ணு எதிர்ல எப்படி சிஸ்டர் சொல்றது?”

சாராள் தன் கைக்குட்டையை எடுத்து ஜெனிட்டாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

அனு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சிஸ்டர், மிஷின் பத்தி நீங்க முன்னாடி சொன்னது... அப்படியே இருக்கட்டுமா?”

“அதை அடிச்சுட்டு வேற எழுதும்மா. மிஷின் பொய்யே சொல்லல. காலையிலேர்ந்து ஒருத்தி இருந்த எடத்தை வுட்டு அசையலேன்னு கரெக்டா சொல்லிச்சு. பெட் நம்பரைத்தான் மாத்திச் சொல்லிடிச்சு!”