சுக்கானியார் படகில் பாட்டு

டிரில்லிங் மெஷின் உறுமியதும் பக்கத்து வீட்டுப் பிலோமி வெளியே வந்தாள். எதிலும் முதல் ஆள்.

"ஏளா, ஓடி வா! சுக்கானியார் நல்ல படகுல ஓட்டை போடுதாரு!"

பாதித் தெரு கரைக்கு வந்தது. மீதித் தெருவுக்கு மாடி இருந்தது.

அவர் நிமிரவில்லை. மீசையில் வெள்ளை வெள்ளையாய் ஃபைபர் தூள்.

முப்பது வருஷம் சரக்குத் தோணியில் சுக்கான் பிடித்தவர். மாலத்தீவுக்குப் போவது அவருக்கு மார்க்கெட்டுக்குப் போவது மாதிரி. வேலையை விட்டுக் கரையேறிய மனுஷன் ஆடு வாங்கலாம், மாடு வாங்கலாம். இவர் படகு வாங்கினார்.

மீன் பிடிக்க இல்லையாம். சும்மா சுற்றவாம்.

எதிரெதிராக இரண்டு இருக்கை. மேலே நீலத் துணிக் கூரை.

ஓர் இருக்கை அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று தெருவுக்கே தெரியும். அவர் மனைவி ரோசாள் மட்டும் தெரியாத மாதிரியே இருந்தாள்.

படகு வந்து இரண்டு மாதம். அவள் ஒரு கால்கூட வைக்கவில்லை. காரணத்தைக் குழாயடியில் நாலு பேர் கேட்கவே சொன்னாள்.

"நடுக்கடல்ல பேச்சு கெடையாது, பாட்டு கெடையாது. இவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கவா?"

பேச்சு அவருக்கு வராது. ஊரறிந்த விஷயம்.

அதனால் பாட்டை வாங்கி வந்தார். தண்ணீர் பட்டாலும் கெடாத ஸ்பீக்கர். இரண்டு.

பின்பக்கம் மூலைக்கு ஒன்றாக மாட்டினார். படகை முழங்கால் தண்ணீருக்குத் தள்ளினார். வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த வருஷத்தின் நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"ரோசா, சும்மா ஏறி உக்காந்து, கேக்குதான்னு சொல்லு. சோதனைக்குத்தான்."

"சோதனைக்கு மட்டும்தான?"

குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஏறினாள்.

கரையில் பிலோமி வெற்றிலை மெல்லுவதையே மறந்தாள்.

எஞ்சினை ஓடவிட்டார். பாட்டைப் போட்டார்.

"எஞ்சின்தான் பாடுது" என்றாள்.

கழற்றினார். வயர் இழுக்க இழுக்க, இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு நகர்ந்தார். இடப்பக்கம் வைத்தார். உதட்டைப் பிதுக்கினாள். வலப்பக்கம் வைத்தார். அதற்கும் பிதுக்கினாள்.

இருவருக்கும் நடுவே ஒரு பலகை. அதில் வைத்தார்.

"ம். இப்பக் கேக்கு."

அவள் கால் விரல் தாளம் போட்டது. அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

கரைக்கும் தெரிந்தது. கரையில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

அப்போதுதான் அவர் குனிந்து பலகையைப் பார்த்தார்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் காம்பஸ். முள் கிறுகிறுவென்று ஆடிவிட்டு நின்றது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கத்தை வடக்கு என்றது.

ஸ்பீக்கருக்குள் காந்தம். காம்பஸுக்கும் அதற்கும் ஆகாது.

சும்மா சொல்லக்கூடாது, இது அவருக்குத் தெரியாததில்லை. தோணிச் சமையல்காரர் ஒருமுறை கத்தியைக் காம்பஸ் பக்கத்தில் வைத்துவிட்டார். பேச்சே வராத இந்த மனுஷன் மாலத்தீவு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாராம்.

ஸ்பீக்கரை நகர்த்தினால் அவளுக்குக் கேட்காது.

நகர்த்தாவிட்டால் வடக்கு இல்லை.

ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, சோதனை முடிஞ்சுதா? எறங்கவா? கொழம்பு ஆறுது."

பாதி எழுந்துவிட்டாள். ஒரு கை படகின் விளிம்பில்.

இன்றைக்கு இறங்கினால் இறங்கியதுதான். இன்னொரு சோதனைக்கு அவரிடம் சாக்கு இல்லை.

அவர் குனிந்தார்.

நாலு திருகு. நாலையும் கழற்றினார்.

காம்பஸ் கையோடு வந்தது.

தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி நின்ற பிலோமியிடம் நீட்டினார். "வச்சிரு." அவள் பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் வாங்கினாள். கரை முழுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அது இருந்த இடத்துக்கு இரு பக்கமும் ஸ்பீக்கரை முடுக்கினார். பொறுமையாக. ஒவ்வொன்றுக்கும் நாலு திருகு.

ரோசாள் எழுந்த வாக்கிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். காலிப் பலகையை. பிறகு அவரை.

உட்கார்ந்தாள்.

படகு மெதுவாகத் திரும்பியது.

பிலோமியால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்?

"காம்பஸ் இல்லாம எங்க அண்ணாச்சி போறீரு?"

அவர் வாயைத் திறந்தார்.

ரோசாள்தான் கத்திச் சொன்னாள்.

"இந்தப் பாட்டு முடியிற வரைக்கும் போயிட்டு வாரோம்!"

கரை சிரித்தது. மாடியும் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கை சுக்கானில் இருந்தது. இன்னொரு கையால் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். அந்த ஒரே பாட்டு, முடிய முடிய, மறுபடி முதலிலிருந்து வரும்படி தட்டிவிட்டார்.